பேருக்குக் காசா, பதத்துக்குக் காசா?
கத்தி வாங்கும் முன் ஒரு கணக்கு



ஒகேனக்கல்லில் மீன் அறுத்து, வறுத்து விற்கும் நமக்குக் கத்திதான் முதல் மூலதனம். எண்ணெய் தீர்ந்தால் பக்கத்துக் கடையில் கடன் கேட்கலாம். கத்தி மழுங்கிப் போனால் அன்றைய வியாபாரமே போச்சு. அதனால் இந்த மாதப் பாடம் கத்தியைப் பற்றியது.

ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்கு முன்னால் எங்கள் குழுவில் மூன்று பேர் உள்கடன் எடுத்தோம். பேர் பெற்ற கம்பெனியின் கத்தியை ஆளுக்கு ஒன்று 950 ரூபாய்க்கு வாங்கினோம். பெட்டியைத் திறந்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு. நாலாம் நாள் கட்லா தலையை வெட்டும்போது அது வழுக்கியது. என் இடது கைப் பெருவிரலில் மூன்று தையல். திருவிழா மூன்று நாளும் கடை மூடிக் கிடந்தது. ஆனால் கடன் தவணை நிற்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் தப்பு கத்தி மேல் மட்டும் இல்லை. அது காய் நறுக்கும் மெல்லிய கத்தி. அதை எலும்பு வெட்ட எடுத்தது என் தப்பு. ஆனால், "இவ்வளவு விலை கொடுத்தா எல்லாத்துக்கும் ஆகும்"னு நினைக்க வைத்தது அந்தப் பெயர்தான்.

பெயர் எப்படிப் பெரிதாகிறது?

சிவப்புக் கைப்பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட மடக்குக் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கத்தி. கார்ல் எல்சனர் என்பவர் 1884-ல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை வைத்தார். 1891-ல் அந்த நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். பிறகு தன் தாயார் விக்டோரியாவின் பெயரைக் கத்திக்கு வைத்தார். துருப்பிடிக்காத இரும்பைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் 1921-ல் சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆனது.

அது நல்ல கத்திதான். ஆனால் கத்தி, திருப்புளி, டப்பா திறப்பான் எல்லாம் ஒரே பிடிக்குள் அடங்கியிருப்பதற்குத்தான் அந்த விலை. மீன் அறுக்க நமக்கு ஒரு வாய் போதும். அதே கம்பெனிகூட சமையலுக்கும் கசாப்புக்கும் தனித்தனிக் கத்தி செய்கிறது. அதே மாதிரித் தோற்றத்தில் போலிகளும் சந்தைக்கு வருகின்றன. போலியை வாங்கினால் பெயருக்குக் கொடுத்த காசும் வீண்.

நம் ஊர்ப் பக்கமும் இது உண்டு. 'திருப்பாச்சி அரிவாள்' என்றாலே தனி மதிப்பு. அந்தப் பெயர் சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியில் பட்டறை வைத்திருந்தவர்கள் வியர்வை சிந்திச் சம்பாதித்தது. சந்தையில் யாரோ ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி விற்பதால் மட்டும் இரும்புக்குப் பதம் வந்துவிடாது.

இரும்பைத் தெரிந்துகொள்வோம்

கத்தியின் கூர்மை இரும்பில் உள்ள கரியிலும், கொல்லர் கொடுக்கும் தோய்ச்சலிலும் இருக்கிறது. செக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து எடுப்பதுதான் தோய்ச்சல். லாரி ஸ்பிரிங் பட்டையில் கரி போதுமான அளவு இருப்பதால் அது நன்றாகக் கெட்டிப்படும். அதனால்தான் பட்டறைக்காரர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். இதில் ஒரே குறை, துருப்பிடிக்கும்.

எவர்சில்வரில் குறைந்தது நூற்றுக்குப் பத்தரை பங்கு குரோமியம் இருக்கும். அதனால் துரு ஏறாது. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி இதைக் கண்டறிந்தார். ஆரம்பத்தில் வந்த கத்திகள் சரியாகப் பதம் ஏறாமல் மழுங்கின. "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று அவரையே கேலி செய்தார்கள். சரியாகக் காய்ச்சும் முறை தெரிந்த பிறகுதான் எவர்சில்வர் கத்தி நன்றாக வெட்டியது. ஆக, பளபளப்பு வேறு, பதம் வேறு.

உள்ளூர்ப் பட்டறை என்றால் மட்டமாக நினைக்க வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 வரை நம் தருமபுரியோடு இருந்ததுதான். அங்கே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 காலத்தது என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. இரும்பு வேலை நம் மண்ணுக்குப் புதிதல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது எங்கள் குழுவில் போட்ட கணக்கு. மாதம் ஒரு முறை சாணை பிடிக்க 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம்.

1. பட்டறைக் கத்தி: விலை 300 ரூபாய். இரண்டு வருடம் உழைக்கிறது. ஒரு முறை கைப்பிடி மாற்ற 60, சாணைக்கு 480. மொத்தம் 840. மாதத்துக்கு 35 ரூபாய்.

2. கம்பெனி கத்தி: விலை 950 ரூபாய். அதுவும் இரண்டு வருடம் உழைத்தால் சாணையோடு 1,430. மாதத்துக்குச் சுமார் 60 ரூபாய்.

3. மலிவுக் கத்தி: விலை 150 ரூபாய். எட்டு மாதத்தில் போய்விடுகிறது. இரண்டு வருடத்துக்கு மூன்று கத்தி 450, சாணை 480. மொத்தம் 930. மாதத்துக்குச் சுமார் 39 ரூபாய்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பெனி கத்தி ஐந்து வருடம் உழைத்தால் செலவு 2,150 ரூபாய். அப்போது மாதத்துக்குச் சுமார் 36 ரூபாய்தான். அதாவது விலை கூடினாலே ஏமாற்று என்று அர்த்தமில்லை. "எத்தனை மாசம் உழைக்கும்?" என்பதுதான் கேள்வி. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களும் கணக்குப் பாருங்கள். கடன் எடுத்து வாங்கினால் வட்டியையும் சேர்க்க மறக்காதீர்கள்.

வாங்கும்போது ஐந்து சோதனை

1. எந்த வேலைக்கு? தலையும் முள்ளும் வெட்டக் கனமான கத்தி, தோல் உரிக்கவும் துண்டு போடவும் மெல்லிய கத்தி.

2. ஒரு காந்தம் கொண்டுபோங்கள். கத்தியில் ஒட்டவே இல்லை என்றால் அது பெரும்பாலும் பாத்திரம் செய்யும் எவர்சில்வர். அது தோய்ச்சலுக்குக் கெட்டிப்படாது. ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்றும் முடிவு கட்டாதீர்கள்.

3. கத்தியின் வால் கைப்பிடிக்குள் கடைசி வரை போகிறதா, ஆணி ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. ஒரு காகிதத்தை வெட்டிப் பாருங்கள். கிழியாமல் நேராக வெட்ட வேண்டும்.

5. ஈரக் கையால் பிடித்துப் பாருங்கள். மீன் வேலையில் கை எப்போதும் ஈரம்தான்.

பெட்டியில் வந்தால் விலை, செய்தவர் முகவரி இரண்டும் அச்சிட்டிருக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் கழுவி, துணியால் துடைத்து, பட்டறைக் கத்திக்கு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உப்பும் எலுமிச்சையும் பட்டால் உடனே கழுவுங்கள். சாணை பிடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சூடு ஏறி வாய் நீல நிறமானால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். "அண்ணா, அடிக்கடி தண்ணி தொட்டுப் பிடிங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம். மழுங்கிய கத்திதான் அதிகம் அழுத்தச் சொல்லும், அழுத்தும்போதுதான் கை வழுக்கும். என் பெருவிரல் அதற்குச் சாட்சி.

1989-ல் தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். ஒவ்வொரு ரூபாயையும் எழுதிப் பார்க்கும் பழக்கம் நமக்கு அப்போதே வந்தது. அதைக் கத்திக்கும் காட்டுவோம்.

குழுக் கூட்டத்தில் பேச:

* உங்கள் தொழிலில் பெயரைப் பார்த்து வாங்கிய பொருள் எது? மாதக் கணக்கில் அதன் செலவு என்ன?
* நாலு பேர் சேர்ந்து பட்டறையில் ஒன்றாகச் சொல்லிச் செய்தால் விலை குறையுமா? விசாரித்து வந்து சொல்லுங்கள்.