இன்சூரன்ஸ் இருக்கு, ஆனா ஆஸ்பத்திரிக்குப் போக பயம்!

டல்லாஸில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், ஷட்டில் ஆடும்போது கணுக்கால் மடங்கி, மூன்று நாள் ஐஸ் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அண்ணா, உங்களுக்குத்தான் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கே, டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?" என்று போனில் கேட்டேன். "டிடக்டிபிள் இன்னும் முடியலடா" என்றார். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுறேன். எம்.எஸ். படிக்கக் கிளம்புற நம்ம பேட்ச் ஆட்களுக்கும் உதவும்.

முதலில் டிடக்டிபிள். வருடத்தில் முதல் இவ்வளவு டாலர் வரை நம்ம சொந்தக் காசு. அதைத் தாண்டிய பிறகுதான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டும். அதற்கப்புறமும் ஒரு பங்கு நம்ம தலையில்தான். அதன் பெயர் கோஇன்சூரன்ஸ். உதாரணத்துக்கு டிடக்டிபிள் 2,000 டாலர், கோஇன்சூரன்ஸ் 20 சதவீதம், பில் 7,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 2,000 நாம் கட்டணும். மீதி 5,000-இல் 20 சதவீதம், அதாவது 1,000. ஆக மொத்தம் 3,000 டாலர். மாதா மாதம் கட்டும் பிரீமியம் தனி!

சரி, அரசாங்கம் எதுவும் செய்யலையா? செய்தது. முன்பெல்லாம் தனியாக பாலிசி வாங்கப் போனால், "உங்களுக்கு ஏற்கெனவே சுகர் இருக்கு" என்று பல மாநிலங்களில் மறுத்துவிடலாம். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இதைத் தடை செய்தது. ஆனா இதை மட்டும் செய்தால் ஒரு சிக்கல். "நோய் வந்த பிறகு வாங்கிக்கலாம்" என்று ஆரோக்கியமானவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நோயாளிகள் மட்டும் மிஞ்சினால் பிரீமியம் ஏறும். ஏறினால் இன்னும் சிலர் விலகுவார்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் படித்த பாசிட்டிவ் ஃபீட்பேக் இதேதான்!

அதனால் சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம் சேர்த்தார்கள்: காப்பீடு எடுக்காதவர்களுக்கு அபராதம், வருமானம் குறைந்தவர்களுக்கு பிரீமியத்தில் மானியம். 2019 முதல் அபராதத்தைப் பூஜ்யமாக்கினார்கள். ஆனாலும் சந்தை கவிழவில்லை, மானியம் தாங்கியது. 2010-இல் சுமார் 16 சதவீதம் பேருக்குக் காப்பீடு இல்லை. 2023-இல் அது சுமார் 8 சதவீதம்.

அப்போ அண்ணா ஏன் பயந்தார்? யார் கட்டுவது என்பது ஒரு கேள்வி. விலை எவ்வளவு என்பது வேறு கேள்வி. அந்தச் சட்டம் முதல் கேள்விக்குத்தான் அதிகம் பதில் சொன்னது. 2023-இல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவழித்தது சுமார் 4.9 லட்சம் கோடி டாலர், ஜிடிபியில் 17.6 சதவீதம். அங்கே ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் ஆஸ்பத்திரிகளோடு தனித்தனியாகப் பேரம் பேசுது. அதனால் ஒரே ஸ்கேனுக்கு ஆளுக்கொரு விலை.

இதில் மேரிலாந்து மாநிலம் மட்டும் வேற ரூட். 1970-கள் முதல் அங்கே ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஓர் அரசு ஆணையம் நிர்ணயிக்குது. யார் பணம் கட்டினாலும் ஏறக்குறைய ஒரே விலை. 2014 முதல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் ஆண்டு வருமானத்தையும் முன்கூட்டியே நிர்ணயிக்கிறார்கள். நிறைய அட்மிஷன் போட்டால் நிறைய லாபம் என்ற கணக்கு அங்கே செல்லாது. எனக்கென்னவோ செலவைக் குறைக்கும் வழி இந்தப் பக்கம்தான் இருக்குன்னு தோணுது.

அண்ணா நாலாவது நாள் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் விரிசல்! பிளான் எடுக்கப் போறவங்க பிரீமியம் குறைவா இருக்குன்னு மட்டும் பார்க்காதீங்க. டிடக்டிபிள் எவ்வளவு, வருடத்துக்கு அதிகபட்சம் நம்ம கையிலிருந்து எவ்வளவு போகும், பக்கத்து ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்கா, இந்த மூணையும் பார்த்துட்டு எடுங்க.