கைத்திறனுக்குச் சான்றிதழ் வேண்டும்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு தான் சே யான் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிப நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அன்றுதொட்டு இத்தொழிலைத் தாங்கி நிற்பவை தொழிலாளரின் கைகளாகும். பால்வெட்டு எளிய வேலை என்று வெளியார் எண்ணுவர். ஆனால், மரத்தை ஒட்டியுள்ள வளர்படையைக் காயப்படுத்தாமல், பட்டையை மெல்லியதாகச் சீவி எடுப்பதற்கு எத்துணைப் பழக்கம் வேண்டும் என்பதை நம் தொழிலாளர் அறிவர். கத்தி ஆழமாக இறங்கினால் புதுப் பட்டை சீராக வளராது. முறையாக வெட்டினால் மரம் பல்லாண்டு பால் தரும். எனவே, பால்வெட்டும் ஒரு தொழில்நுட்பமே.

ஆயினும், தோட்டத்தில் கற்ற திறனை வெளியுலகில் மெய்ப்பிப்பது எவ்வாறு? மலாக்காவில் ரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. தோட்டம் கைமாறும்போது வேலையோடு குடியிருப்பும் பறிபோகும் நிலை சில குடும்பங்களுக்கு நேர்கிறது. தோட்ட ஆலையில் இருபது ஆண்டு இயந்திரம் பழுதுபார்த்த ஒருவர் பட்டணத்துப் பட்டறையில் வேலை கேட்டுச் சென்றால், அவரிடம் முதலில் கேட்கப்படுவது, “சான்றிதழ் உண்டா?” என்பதே. இல்லையென்றால் கைதேர்ந்தவரும் உதவியாளருக்குரிய சம்பளத்தைப் பெற நேரிடும்.

தொழிற்சாலைகளின் நிலையையும் நாம் கவனித்தல் வேண்டும். 1970களில் பத்து பிரண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, பாகங்களைக் கையாற் பொருத்தும் வேலைகள் நிறைந்திருந்தன. பின்னர் அவ்வேலைகளிற் பலவற்றை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. இன்று அவ்வியந்திரங்களை இயக்கவும் செப்பனிடவும் அறிந்தவர்களே மிகுதியாகத் தேவைப்படுகின்றனர்.

இதற்கு வழி செய்வதே மலேசியத் திறன் சான்றிதழ். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை இதனை வழங்குகிறது. இதில் ஐந்து நிலைகள் உள்ளன. முதல் மூன்றும் சான்றிதழ் நிலைகள், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. இதனைப் பெற மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சேர்ந்து பயில்வது. நம் மாநிலத்தில் புக்கிட் காத்திலிலும் தாபோ நானிங்கிலும் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள் உள்ளன. சேர்க்கை நிபந்தனைகள் பயிற்சிக்கேற்ப வேறுபடும். நேரில் கேட்டறிதல் நலம்.

இரண்டாவது, வேலை செய்துகொண்டே பயில்வது. தொழிற்கூடத்தில் பெரும்பகுதியும் வகுப்பறையில் சிறுபகுதியுமாக நடைபெறும் இம்முறை 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. செர்மனி நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் தொழில் பழகுநர் முறையை ஒட்டியது இது.

மூன்றாவது வழி, முன்பே வேலையில் இருப்போருக்கு மிகவும் பயன்படுவது. அனுபவத்தாற் பெற்ற திறனுக்கு அங்கீகாரம் அளிக்கும் முறை இது. செய்த வேலைகளின் புகைப்படங்கள், முதலாளியின் கடிதம், பணிப் பதிவுகள் முதலிய ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டினால், மதிப்பீட்டாளர் அவற்றையும் திறனையும் ஆராய்ந்து பரிந்துரைப்பார். ஆகவே, தோட்டத்தை விட்டு விலகும் முன்பே நிர்வாகத்திடம் பணிச் சான்றுக் கடிதத்தைக் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது. தோட்டம் கைமாறிய பிறகு பழைய பதிவுகளைத் தேடுவது கடினம்.

தொழிற்கல்வி ஒருவருக்கு மட்டும் வேலை தருவதன்று. மின்கம்பி பொருத்தும் தொழிலைக் கற்ற இளைஞர் ஒருவர், எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழும் பெற்றுத் தாமே வேலைகளை ஏற்கத் தொடங்குகிறார் என்று கொள்வோம். வேலை பெருகும்போது உதவிக்கு இருவரைச் சேர்த்துக்கொள்வார். அவ்விருவரும் தொழில் பழகுவர். சம்பாதித்த பணம் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள கடைகளிலேயே செலவாகும். நிலையான பொருளாதார வளர்ச்சி என்று அறிஞர் கூறுவது, நம் வட்டாரத்தில் இவ்வாறுதான் வேரூன்றும்.

“படிப்பு வராத பிள்ளைக்குத்தான் தொழிற்கல்வி” என்னும் எண்ணத்தைப் பெற்றோர் கைவிடல் வேண்டும். அளவையும் கணக்கும் வரைபடமும் அறியாதவர் நல்ல தொழில்நுட்பராதல் அரிது. மேலும், டிப்ளோமா முடித்தவர் அத்துடன் நின்றுவிட வேண்டுவதில்லை. தகுதியுடையோர் மேற்படிப்பைத் தொடர, மலாக்காவிலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று இயங்குகிறது. மகளிரும் இத்துறைகளிற் சேரத் தயங்க வேண்டியதில்லை.

சிந்தனைக்கு:

1. உங்கள் குடும்பத்தில் சான்றிதழ் இல்லாத கைத்திறன் யாரிடம் உள்ளது?
2. அத்திறனை மெய்ப்பிக்க எவ்வெவ் ஆதாரங்களை இன்றே சேர்க்கலாம்?
3. இவ்வாண்டு பள்ளிப்படிப்பை முடிக்கும் உங்கள் பிள்ளை எத்தொழிலை விரும்புகிறார் என்று கேட்டதுண்டா?

இவ்வினாக்களை இன்றிரவே வீட்டில் கூடிப் பேசுங்கள்.