தில்லியில் ஒரு வெங்காயப் பாத்தி

திண்டுக்கல், பெரம்பலூர்ப் பகுதி உழவர்கள் சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் குமிழாகவே ஊன்றுவர். தில்லியின் வழக்கம் வேறு. இங்குப் பயிராவது பெரிய வெங்காயம். நவம்பர் தொடக்கத்தில் நாற்றங்காலில் விதை தூவி, ஏறத்தாழ எட்டு வாரம் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி நடுவர். மார்கழிக் குளிரில் நட்ட பயிர், பகற்பொழுது நீண்டு வெப்பம் ஏறிய பின்னரே குமிழ் திரளும். ஆகவே ஊரின் பட்டம் இங்குப் பொருந்தாது.

இடமும் அவ்வாறே. மண்ணைத் தொடுமுன் நிழலை அளக்க வேண்டும். டிசம்பர் 22-ஐ ஒட்டித் தில்லியின் நண்பகற் சூரியன் தென்வானில் ஏறத்தாழ 38 பாகை உயரமே எழும். சென்னையிலோ 53 பாகை. அதனால் 3 மீட்டர் உயரமுள்ள சுவரின் நண்பகல் நிழல் சென்னையில் 2.2 மீட்டரும், தில்லியில் ஏறக்குறைய 4 மீட்டரும் வடக்கே நீளும். கோடையில் இடம் பார்த்து வைப்பவர் இதில்தான் ஏமாறுவர். ஜூன் மாத நண்பகலில் அதே சுவரின் நிழல் ஒரு முழங்கூட இராது! சுவருக்குத் தெற்கே பாத்தி அமைப்பதே தக்கது.

மேட்டுப்பாத்தியின் நீளம் 3 மீட்டர், அகலம் 1 மீட்டர், உயரம் ஒரு சாண். அகலம் மிகுந்தால் களையெடுக்கும் கை நடுப்பகுதியை எட்டாது. பாத்திக்குள் இறங்க நேரும். மிதிபட்ட மண் இறுகும். இறுகிய மண்ணில் குமிழ் சிறுத்துவிடும். வெங்காய வேர் ஆழம் செல்லாதது. ஆதலால் மேல்மண்ணில் மட்கிய தொழுவுரம் கலந்து, நீரைச் சிறிது சிறிதாக, அடிக்கடி விட வேண்டும். தாள்கள் சாயத் தொடங்கியதும் நீரை நிறுத்திவிடலாம்.

வடநாட்டில் பெயர்பெற்ற வகை 'பூசா ரெட்'. பூசா என்பது பீகாரிலுள்ள ஓர் ஊர். அங்கு 1905-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தமையால் 1936-இல் தில்லிக்குப் பெயர்ந்தது. வந்தபோது ஊர்ப்பெயரையும் உடன் கொண்டுவந்தது. விதைப்பையில் இன்றும் அப்பெயரே உள்ளது.

அருஞ்சொற்பொருள்: பட்டம் – பயிரிடும் பருவம், தாள் – வெங்காயத்தின் இலை, பாகை – கோண அளவு.

பயிற்சி: மேற்கூறிய பாத்தியில் வரிசைக்கு வரிசை 15 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி விட்டால் எத்தனை நாற்றுகள் தேவைப்படும்? கணக்கிட்டு, விடையை எழுத்தால் எழுதுக.