ஒரே கொட்டகையில் இரண்டு பசுக்கள்

ஒரு பசு உடம்பெல்லாம் கழலை கண்டு, தீனி எடுக்காமல் நிற்கிறது. பக்கத்தில் கட்டிய மற்றொன்றுக்கு ஒன்றுமில்லை. "அது நாட்டு மாடு, தப்பிவிட்டது, அதற்கு ஊசி எதற்கு?" என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. இதில் பாதிதான் உண்மை.

தோல் கழலை நோயை உண்டாக்குவது அம்மை இனத்து வைரஸ். 1929ல் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜாம்பியாவில் முதலில் காணப்பட்ட இந்நோய், 2019ல் ஒடிசா வழியே நம் நாட்டில் தெரியவந்தது. கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவை இதைப் பரப்புகின்றன.

வைரஸ் செல்லுக்குள் புகுந்ததும், மாட்டின் சில மரபணுக்கள், அதாவது ஜீன்கள், விழித்துக்கொண்டு இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை உண்டாக்குகின்றன. ஊர்க்காவல்காரர் தண்டோரா போடுவதைப் போல இது அண்டைச் செல்களை எச்சரிக்கிறது. அங்கே வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வேறு மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். வைரஸும் சும்மா இருப்பதில்லை. அதன் சுமார் 156 மரபணுக்களில் சில, இந்த எச்சரிக்கையை அடக்குவதற்கென்றே உள்ளவை. யார் முந்துகிறார்களோ அவர் பக்கம் வெற்றி. இந்தத் தற்காப்பு மாட்டுக்கு மாடு வேறுபடும். வயதும் உடல்நிலையும் சேர்ந்துகொள்ளும். ஆய்வுக்கூடத்தில் வைரஸைச் செலுத்திப் பார்த்தபோதுகூட ஏறக்குறைய பாதி மாடுகளுக்கே உடல் முழுதும் கழலை வந்தது. ஆனால் கழலை வராத மாட்டின் இரத்தத்திலும் சில நாட்கள் வைரஸ் இருக்கலாம். ஆகவே 'ஒன்றுமில்லை' என்று நாம் நினைக்கும் பசுவையும் சந்தைக்கு ஓட்டலாகாது.

ஜெர்சி போன்ற மெல்லிய தோல் மாடுகளுக்கு நோய் கடுமையாக வருவது மெய்யே. எனினும் 2022ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் நாட்டு மாடுகளும் ஏராளமாக மடிந்தன. மரபணுவைப் பார்த்து, இந்நோய் தாக்காத காளையைத் தேர்ந்தெடுக்கும் காலம் இன்னும் வரவில்லை. இப்போதைக்குத் தடுப்பூசிதான் துணை.

இதற்கு வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியைப் போடுகிறார்கள். இரண்டு வைரஸ்களும் பங்காளிகள் என்பதால், ஒன்றைக் கண்டு பழகிய உடல் மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளும். எதிர்ப்புச் சக்தி முழுமையாக உண்டாக சுமார் மூன்று வாரம் ஆகும். ஆகையால் ஈ, கொசு பெருகும் மழைக்காலத்துக்கு முன்பே, நாட்டு மாடு, கலப்பின மாடு என்று பாராமல், நான்கு மாதத்துக்கு மேற்பட்ட கன்றுகளுக்கும் சேர்த்துப் போட்டுவிடவும். காய்ச்சலோ கழலையோ கண்ட மாட்டுக்கு ஊசி போடலாகாது. அதைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரை அழைக்கவும். உதிரும் பொருக்கைக் கூட்டி எரித்துவிடவும். காய்ந்த பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேலும் உயிருடன் இருக்கும். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம்.