ஏலமலைச் சாரலில் நடைச்செலவு

தேவாரத்து வீதியில் நின்று மேற்கே நோக்குவார்க்கு மலைத்தொடர் ஒரே மதிலாகத் தோன்றும். அணுகிச் சென்றால் அம்மதிலில் வாயில்கள் பல உள. தேவாரத்தார்க்குச் சாக்குலூத்து மெட்டு, போடிநாயக்கனூரார்க்குப் போடிமெட்டு, கம்பத்தார்க்குக் கம்பமெட்டு. மெட்டு என்பது மலையைக் கடக்கும் வழியின் உச்சி. ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற மக்கள் நெடுங்காலம் ஏறியிறங்கிய வழிகள் இவை. அவர்கள் இதனை மலையேற்றம் என்று பெயரிட்டுப் போற்றியதில்லை என்பது வேறு.

இம்மலைகளில் ஓரிரு நாள் நடந்துவர விழையும் மாணவர் நம்மிடையே பெருகிவருகின்றனர். அவர்கள் முதலில் வினவுவது, எவ்வகைப் பை வாங்கலாம், எவ்வகைச் செருப்பு ஏற்றது என்பதே. நம் கருத்தில் முதல் வினா அதுவன்று. எந்த மாதத்தில் செல்வது என்பதே முதல் வினா. காரணம் கூறுவோம்.

தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மலையின் மேற்புறமே பெரிதும் பெற்றுக்கொள்ளும். மூணாற்றுப் பக்கம் நனைந்து கிடக்கும் ஆடி மாதத்தில், நம் கீழ்ப்புறச் சரிவுக்கு வருவது பெரும்பாலும் காற்று மட்டுமே. இச்சரிவுக்குரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. அம்மழையில் ஆளுயரம் வளரும் புல், தை கழிந்ததும் காயத் தொடங்கி, மாசி பங்குனியில் தீக்குச்சி ஒன்றுக்குக் காத்திருக்கும் சருகாகிவிடுகிறது. மேலே தேயிலையும் ஏலமும் பசுமையாக இருத்தலின், அவற்றைக் கண்டு மகிழ்ந்து இறங்குபவர், தாம் பசுமையை விட்டு விறகினுள் நுழைவதை உணர்வதில்லை.

2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் குரங்கணியில் நிகழ்ந்தது இதுவே. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர், முப்பதுக்கு மேற்பட்டோர், முந்தைய நாள் கொழுக்குமலைக்கு ஏறி, மறுநாள் இறங்குகையில் காட்டுத்தீயில் அகப்பட்டனர். 23 உயிர்கள் மாய்ந்தன. மாண்டோருள் இளைஞரும், புதிதாய் மணமுடித்தோரும் இருந்தனர். வனத்துறையினர் பின்னர் உரைத்தபடி, இசைவு பெற்றிருந்தது குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் பாதைக்கே. இறந்தோரைக் குறைகூற இதனை எழுதவில்லை. அவர்களுட் பலர் வழியைத் தாமே தெரிந்தெடுத்தவர் அல்லர். அழைத்துச் சென்றோரை நம்பியவர். நம்பி வருவோரை அழைத்துச் செல்பவன் எதனை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராய்ச்சி.

தீயின் இயல்பை அவன் அறிதல் வேண்டும். சமதரையைவிடச் சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். சுவாலை மேற்புறப் புல்லை முன்னதாகவே சுடவைத்து உலர்த்திவிடுதலே காரணம். பகலில் வெயில் காயக்காய மலைச்சரிவில் காற்றும் கீழிருந்து மேலே வீசும். இவ்விரண்டும் ஒன்றுகூடும் வேளை பிற்பகல். ஆதலின் தீக்கு மேலே நின்று, இன்னும் மேலே ஓடுபவன் தோற்பது உறுதி. இடுங்கிய ஓடைப்பள்ளங்கள் புகைபோக்கியைப் போலத் தீயை உறிஞ்சி மேலேற்றும். அவற்றுள் ஒளிதல் ஆகாது. பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறை, அகன்ற வெற்றுத்தரை, முன்னரே எரிந்து தணிந்த நிலம் இவற்றை நாடுதல் வேண்டும். உடுப்பு பருத்தியாயிருத்தல் நலம். நைலான் முதலியன உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் அறிந்திருப்பதினும் அம்மாதங்களில் செல்லாதிருத்தல் மேலானது. 2018ஆம் ஆண்டுக்குப்பின் அரசினர் நடைச்செலவுக்கெனத் தனி விதிகள் இயற்றினர். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ என்னும் திட்டத்தில் 40 பாதைகள் வகுக்கப்பட்டன. குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்வது அவற்றுள் ஒன்று. வழிகாட்டிகளாக மலைவாழ் மக்களும் காட்டையடுத்த ஊரினரும் உடன்வருவர். தீக்காலமாகிய பிப்ரவரி இடைப்பகுதி தொடங்கி ஏப்ரல் இடைப்பகுதி வரை இப்பாதைகளை மூடிவைப்பது வழக்கம். மழை ஓய்ந்த மார்கழியும் தையுமே நம் சரிவுக்கு உகந்தவை. இசைவுச் சீட்டில் எழுதியுள்ள பாதையைவிட்டு, அழகுகருதி வேறு வழியில் திரும்புதல் ஒருபோதும் கூடாது. தேட வருவோர் சீட்டில் உள்ள வழியிலன்றோ தேடுவர்!

குரங்கணிப் பாதைக்கு வேறொரு பெருமையும் உண்டு. மூணாற்றுத் தேயிலை, 1902இல் அமைந்த ஒற்றைத் தண்டவாள வண்டியிலும், 1908 முதல் சிறு இரயிலிலும் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குச் சென்றது. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அவ்விரயிலை அழித்துவிட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

இனி, நேரக்கணக்கு. நேயிசுமித் என்னும் ஸ்காட்லாந்தியர் 1892இல் வகுத்த கணக்கு எளியது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி; அதன்மேல், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் ஒரு மணி. ஒரு பாதை 12 கிலோமீட்டர் நீளமும் 4,000 அடி ஏற்றமும் உடையதாயின் ஏறக்குறைய நாலரை மணி ஆகும். இது பழகிய காலுக்கு. சுமையோடு செல்லும் புதியவர்க்கு அதனோடு பாதி கூட்டுக. குழுவின் வேகமென்பது அதில் மிகப் பின்தங்கி வருபவரின் வேகமே. நம் சரிவு கிழக்குநோக்கியதாதலின் மாலையில் கதிரவன் மலைமுகட்டின் பின் முன்னதாகவே மறைவான். நிழல் விழுந்தபின் யானைக்கும் காட்டெருமைக்கும் உரிய நேரம் தொடங்கும். விடியலில் புறப்பட்டு மூன்று மணிக்குள் இறங்கிவிடும்படி வகுத்துக்கொள்வோமாக.

போடியினும் கொழுக்குமலை முகடு 6,500 அடிக்கு மேல் உயர்ந்தது. குளிர் ஏறக்குறைய 12 பாகை மிகும். ஆகவே கம்பளிச்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். நீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வரைபடத்தில் வரைந்துள்ள ஓடைகளை நம்பற்க. சமைக்க வேண்டாத உணவே கொள்க: புளிச்சோறு, கடலைமிட்டாய், வாழைப்பழம். காட்டினுள் அடுப்பு மூட்டுவதும் புகைப்பதும் அறவே விலக்கு.

புறப்படுமுன் ஒரு தாளில் வருவோர் பெயர், செல்லும் பாதை, இறங்கும் நேரம் மூன்றையும் எழுதி, அடிவாரத்தில் தங்கும் ஒருவரிடம் கொடுத்துச் செல்க. குறித்த நேரத்துக்குமேல் இரண்டு மணி கழிந்தால் யாருக்குச் செய்தி சொல்வது என்பதையும் அத்தாளிலேயே எழுதுக. மலைமடிப்புகளில் கைபேசி பல இடங்களில் பேசாது.