கர்ணத்துக்குக் குறுக்குவழி உண்டா?

நம்பிக்கை: பிதாகரஸ் தேற்றமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். போதையனார் என்ற தமிழ்ப் புலவர் ஒரு சின்னச் செய்யுளிலேயே கர்ணத்துக்கு வழி சொல்லிவிட்டார்.

உண்மை: வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றிவரும் செய்யுள் இது. செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களில் நீளமானதில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, மீதியோடு குட்டையானதில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்கிறது. 4, 3 போட்டால் 3.5 + 1.5 = 5. 12, 5 போட்டால் 10.5 + 2.5 = 13. யாரும் அசந்துதான் போவார்கள். ஆனால் பக்கங்கள் 3:4 அல்லது 5:12 விகிதத்தில் இருந்தால் மட்டுமே இது சரி. மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடும், இல்லையென்றால் குறையும். சந்தேகம் இருப்பவர்கள் பிதாகரஸோடு சமன்படுத்திப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடுதான் வரும், அதற்கு மூலங்கள் இரண்டே. 20, 21 போட்டால் 29 வர வேண்டும், செய்யுள் 28.375 தருகிறது.

வடமொழியில் உள்ள போதாயன சுல்ப சூத்திரத்தோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே இருப்பது தோராயம் அல்ல, முழுத் தேற்றம். மனக்கணக்குக்கு இந்தச் செய்யுள் நல்ல உபாயம், மறுக்கவில்லை. தேற்றத்தின் இடத்தில் அதை உட்கார வைப்பதுதான் தப்பு.

நம்பிக்கை: X, Y எல்லாம் பரீட்சையோடு சரி.

உண்மை: 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் பெருகின. இவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் வி.எம்.சி. என்ற கணினிவழி இயங்கும் மெஷினை ஓட்டுபவரின் திரையில் நாள் முழுக்க X, Y தான். 100 மி.மீ. விட்ட வட்டத்தில் நாலு போல்ட் துளை வேண்டும் என்று வையுங்கள். நடுப்புள்ளி (0, 0) என்றால் முதல் துளை (35.355, 35.355); நடுவிலிருந்து தூரம் 50. செய்யுளை நம்பி அதே 50-க்கு எண் தேடினால் 36.364 கிடைக்கும். துளை 1.4 மி.மீ. தள்ளிப் போய்விடும். 8 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை போட்டிருந்தால் பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளிதான் இருக்கும். போல்ட் இறங்காது. பாகம் ரிஜெக்ட்.

நம்பிக்கை: செங்குத்துக் கோட்டின் சாய்வு பூஜ்ஜியம்.

உண்மை: அது கிடைக்கோட்டுக்கு. செங்குத்துக் கோட்டின் சாய்வு வரையறுக்கப்படவில்லை. ஒரு மதிப்பெண் கேள்வியில் வருடா வருடம் பிள்ளைகள் விடும் இடம்.

நம்பிக்கை: மூலை மட்டத்துக்கு 3, 4, 5 அடி போதும், கொத்தனாருக்குத் தேற்றம் எதற்கு?

உண்மை: கொத்தனார் நூல் பிடிக்கும்போது பயன்படுத்துவதே தேற்றத்தின் மறுதலைதான். மூன்று பக்கங்களும் அந்தக் கணக்குக்கு ஒத்துவந்தால் மூலை செங்கோணம். அடி, மீட்டர், முழக்கயிறு எதுவானாலும் பரவாயில்லை. முக்கோணம் எவ்வளவு பெரியது என்பதுதான் முக்கியம். 5 அடிப் பக்கத்தில் டேப் 3 மி.மீ. பிசகினால், 30 மீட்டர் நீள ஷெட்டின் கடைசியில் சுவர் 12 செ.மீ. விலகி நிற்கும். அதே பிசகு 9, 12, 15 மீட்டர் முக்கோணத்தில் நேர்ந்தால் விலகல் ஒன்றேகால் செ.மீ.தான். வீட்டுக்கு மூலை மட்டம் பார்க்கும்போது, மனை இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரிய முக்கோணமாகவே போடச் சொல்லுங்கள்.