ஒளியின் பிடியில் ஒரு நுண் எந்திரம்

வானில் திரளாகப் பறக்கும் பறவைகளையும் நீர்த்துளியில் நீந்தும் பாக்டீரியாக்களையும் ஒரே பௌதிக விதிகளால் விளக்க இயலுமா? இவ்விரண்டிலும் ஒவ்வோர் உறுப்பும் தானே ஆற்றலைச் செலவிட்டு இயங்குகிறது. இத்தகைய திரளை விஞ்ஞானிகள் 'இயங்கு பருப்பொருள்' என அழைக்கின்றனர். இத்துறையில் இந்தியா குறிப்பிடத்தக்க இடம் பெற உழைத்தவர்களுள் ஒருவர், பேராசிரியர் அஜய் குமார் சூட்.

கல்பாக்கத்தில் தொடக்கம்

1951இல் குவாலியரில் பிறந்த சூட், சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்றபின், 1973 முதல் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றினார். அங்கிருந்தவாறே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முனைவர் பட்டத்தை 1982இல் பெற்றார். ஒளிச்சிதறல், கூழ்மங்கள் ஆகியவை பற்றிய ஆய்வுகளில் அவர் ஈடுபட்டார். திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் தொகுதியே கூழ்மம். 1988இல் அவர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார்.

தூரத்திலிருந்தே ஒத்திசைவு

அங்கே கோட்பாட்டு அறிஞர் ஸ்ரீராம் ராமசாமியுடன் இணைந்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. ஒரு முனை மெலிந்த, சில மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளைக் குச்சிகள், சிறு அலுமினிய மணிகளுக்கிடையே இடப்பட்டன. தட்டை அதிரச் செய்ததும் குச்சிகள் தாமாக நகர்ந்தன. மணிகள் போதிய அளவு நெருக்கமாக இருந்தபோது, ஒன்றுக்கொன்று தொலைவிலிருந்த மிகச் சில குச்சிகள்கூட ஒரே திசையில் திரண்டு சென்றன. நகரும் குச்சி மணிகளைத் தன்னுடன் இழுக்கிறது. அம்மணிகளின் ஓட்டம் பிற குச்சிகளைத் திருப்புகிறது. திரளாகச் செல்வதற்கு அறிவோ, தலைவனோ தேவையில்லை என்பதை எளிய பொருள்களே புலப்படுத்தின.

ஒளி இடுக்கி

மைக்ரோமீட்டர் அளவிலான துகளைத் தொடாமல் பிடிப்பது எவ்வாறு? இதற்கு விடை கண்டவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர்தர் ஆஷ்கின். நுண்ணோக்கியின் வில்லை வழியே கூர்மையாகக் குவிக்கப்பட்ட லேசர் கற்றை, துகளைக் குவிமையத்தருகே ஈர்த்து நிறுத்துகிறது. 1986இல் செய்துகாட்டப்பட்ட இம்முறைக்காக 2018ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பாதி அவருக்கு அளிக்கப்பட்டது.

பாக்டீரியாவால் ஓடும் எந்திரம்

இவ்விரு துறைகளும் சந்தித்தது 2016இல் வெளியான ஆய்விலாகும். அதனைச் சூட், ராஜேஷ் கணபதி முதலியோர் நிகழ்த்தினர். ஒளி இடுக்கியில் பிடித்த ஒரு நுண்மணி, நீந்தும் பாக்டீரியாக்கள் நிறைந்த திரவத்தில் வைக்கப்பட்டது. இதில் மணியே உந்துதண்டு; ஒளியின் பிடியே உருளை. பாக்டீரியாக்களின் சுறுசுறுப்பு குறைந்திருக்கும்போது பிடியை இறுக்குவதும், மிகுந்திருக்கும்போது தளர்த்துவதும் மாறி மாறி நிகழ்ந்தன. வெப்பநிலையைச் சிறிதளவு மாற்றியே அச்சுறுசுறுப்பு கூட்டிக் குறைக்கப்பட்டது. இவ்வாறு உருவானது ஸ்டர்லிங் எந்திரத்தின் நுண்வடிவம்.

சுறுசுறுப்பு மிகுந்த நிலையில் இதன் திறன், சமநிலையில் இயங்கும் ஸ்டர்லிங் எந்திரத்தின் உச்ச வரம்பையும் தாண்டியது. இதனால் வெப்ப இயக்கவியல் விதி பொய்த்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பாக்டீரியாக்கள் உணவை எரித்துப் பெறும் ஆற்றல் இக்கணக்கில் சேரவில்லை. சூழலும் சமநிலையில் இல்லை. பழைய வரம்பு இங்கே பொருந்தாது என்பதே உண்மை. உயிரணுவினுள் ஓயாது உழைக்கும் மூலக்கூற்று எந்திரங்களைப் புரிந்துகொள்ள இது துணைபுரியும்.

நாட்டிற்கு ஒரு பாடம்

சூட் 2015இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; 2022இல் மத்திய அரசின் முதன்மை விஞ்ஞான ஆலோசகராக நியமிக்கப்பட்டார். கல்பாக்கத்தில் பணியேற்றதற்கும் நுண் எந்திரம் ஓடியதற்கும் இடையே 43 ஆண்டுகள் கழிந்தன. கூழ்மத்தை ஆராய்ந்த நாளில் அது எங்கே இட்டுச் செல்லும் என எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க இயலாது. உடனடிப் பயனை மட்டுமே கணக்கிட்டு நிதி வழங்கியிருந்தால் இப்பாதை இடையிலேயே அடைபட்டிருக்கும். அடிப்படை ஆராய்ச்சிக்கு நாடு அளிக்கவேண்டியவற்றுள் பணத்திற்கு நிகரானது காலம். அதனைப் பொறுமையுடன் அளிக்கும் நாடே புதிய அறிவை ஈட்டும்.